காலை உணவு யார் கணக்கில்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஓட்டல் லாயல்டி திட்டங்கள், அதாவது ஒரே குழுமத்தில் தொடர்ந்து தங்குபவருக்குப் புள்ளிகளும் சலுகைகளும் தரும் திட்டங்கள், எலைட் (மேல்தட்டுத் தகுதி பெற்ற) உறுப்பினர்களுக்குத் தருவதாகச் சொல்லும் இலவசக் காலை உணவு. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கிரெடிட் கார்டுடன் இரண்டு ஓட்டல் குழுமங்களின் கோல்டு தகுதி சேர்ந்து வந்தது. ஒன்றில் காலை உணவு கிடைத்தது, மற்றதில் மறுத்துவிட்டார்கள். இது பாரபட்சம் இல்லையா?

பதில்: இல்லை. பெயர் ஒன்றானாலும் தங்கத்தின் மாற்று கடைக்குக் கடை வேறு. மேரியட் குழுமத்தின் திட்டமான பான்வாயில் கோல்டு தகுதிக்குக் காலை உணவு கிடையாது. அதற்கு ஓர் ஆண்டில் 50 இரவுகளில் வரும் பிளாட்டினம் வேண்டும். ஹில்டன் குழுமத்தின் ஆனர்ஸ் திட்டத்தில் கோல்டுக்கே உண்டு என்றாலும், அமெரிக்காவில் உள்ள அதன் முழுச் சேவை ஓட்டல்கள் பலவற்றில் 2021 முதல் உணவுக்குப் பதிலாக, ஓட்டலுக்குள் உண்ணவும் குடிக்கவும் செலவிடக்கூடிய தினசரித் தொகை ஒன்றைத்தான் தருகிறார்கள். அந்தத் தொகையைத் தாண்டினால் மீதி உங்கள் பையிலிருந்து போகும்.

கேள்வி: வேறொரு பயண இணையதளத்தில் அறை மலிவாகக் கிடைத்ததால் அங்கே பதிவு செய்தேன். என் எலைட் தகுதியைக் காட்டியும் காலை உணவு தரவில்லை.

பதில்: தர மாட்டார்கள். பெரிய குழுமங்கள் எல்லாமே நேரடி முன்பதிவுக்குத்தான் சலுகை என்று எழுதி வைத்திருக்கின்றன. மிச்சம் பிடித்த பணத்தில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளாட்டினம் உறுப்பினரான நான் மனைவியுடன் மூன்று இரவுகள் தங்கினேன். "இருவருக்குக் காலை உணவு" என்று உறுதி மின்னஞ்சலிலேயே இருந்தது. மூன்று நாளும் பஃபேயில் சாப்பிட்டோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது பில்லில் ஆறு காலை உணவுகளுக்கான கட்டணம் இருந்தது. "உங்கள் தகுதிக்குக் காண்டினென்டல் (சமைக்காத எளிய காலை உணவு) மட்டும்தான்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வேண்டும், விடாதீர்கள். மூன்று காலையும் பரிசாரகர் நீட்டிய சிறு சீட்டில் அறை எண்ணை எழுதிக் கையெழுத்திட்டிருப்பீர்கள். வருகைப் பதிவு என்று நினைத்திருப்பீர்கள். அதுதான் பில்லுக்குப் போன சீட்டு. ஆனால் முதல் நாளே கட்டணம் ஏறியதைச் சொல்லாமல் மூன்றாம் நாள்வரை பரிமாறிக்கொண்டே இருந்தார்களே, அதுவே உங்கள் பக்கத்தின் வலுவான வாதம். உறுதி மின்னஞ்சல், பில், சீட்டின் நகல் ஆகியவற்றை இணைத்து, ஓட்டலுக்கு எழுதாமல் திட்டத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். காண்டினென்டல் என்ற கட்டுப்பாடு எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கார்டு நிறுவனத்திடம் கட்டணத்தை மறுப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அப்போதும் உணவுத் தொகையை மட்டுமே மறுக்க வேண்டும்.

இந்தக் காண்டினென்டல் என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரொட்டி, பழம், சாறு, காப்பி என்பது பழைய பொருள். முட்டையை அடுப்பில் வைத்த கணமே அது வேறு கணக்கில் போய்விடுகிறது. ஹயாட் குழுமத்தின் திட்டமான வேர்ல்டு ஆஃப் ஹயாட் தன் விதிகளில், ஓர் ஆண்டில் 60 இரவுகள் தங்கிய குளோபலிஸ்ட் (அதன் உச்சத் தகுதி) உறுப்பினருக்கு ஒரு முழு உணவு அல்லது பஃபே, சாறு, காப்பி, அவற்றின் மேல் வரும் வரியும் சேவைக் கட்டணமும் அடங்கும் என்று விரித்தே எழுதியிருக்கிறது. இப்படி எழுத முடியும் என்றால், மற்றவர்கள் மழுப்புவதற்குக் காரணம் சொல் பஞ்சம் அல்ல. பெயர்ப்பலகைக்குச் சொந்தக்காரர் ஒருவர், கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். பெருங்குழுமங்களின் ஓட்டல்களில் மிகப் பெரும்பான்மை இப்படித்தான் நடக்கின்றன. உங்களுக்குச் சலுகையை அறிவித்து விசுவாசத்தைச் சம்பாதிப்பவர் முதலாமவர். முட்டையை வாங்குகிறவர் பெரும்பாலும் இரண்டாமவர். அதனால்தான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் காலை உணவு, வரவேற்பு மேசைக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மேரியட்டில் மட்டும் 30க்கும் மேற்பட்ட பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பலகைக்குப் பலகை விதி மாறும். ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினத்துக்குக் காலை உணவே கிடையாது. அதிகம் செலவழிக்கும் இடத்தில்தான் காப்பிக்கும் தனியாகக் காசு.

கேள்வி: இரண்டு அறைகள் எடுத்தோம், நால்வர். இரண்டுமே என் பெயரில்தான். ஓர் அறைக்கு மட்டும் காலை உணவு தந்தார்கள்.

பதில்: முறைதான். சலுகை நீங்கள் படுக்கும் அறைக்கு. பணம் கட்டிய அறைகளுக்கெல்லாம் அல்ல. மேரியட்டில் உறுப்பினரும் உடன் ஒருவரும் என்பதே அளவு. ஹயாட்டில் ஒரே அறையில் பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர் வரை அடங்குவார்கள். குழந்தைகளோடு பயணிப்பவர் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டிய வரி இது.

கேள்வி: அடுத்த தகுதிக்கு நான்கு இரவுகள் குறைகின்றன. ஆண்டு முடியப் போகிறது. தேவையில்லாவிட்டாலும் நான்கு இரவுகள் அறை எடுத்துவிடலாமா? காலை உணவிலேயே அந்தப் பணத்தை எடுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நானும் அப்படித்தான் நம்பினேன். ஓர் ஆண்டின் கடைசி வாரத்தில், குழுமத்தின் பெயர் வேண்டாம், மலிவான அறையொன்றை எடுத்து, செக்-இன் செய்து, சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். இப்படி நான்கு நாட்கள். அட்டை மின்னியது. மறு ஆண்டு முழுவதும் அந்த அட்டையால் நான் உண்ட காலை உணவுகள் மூன்று. அவற்றிலும் ஒன்று, எலைட் உறுப்பினர்களுக்கான லவுஞ்ச் மூடியிருந்ததால் கையில் கொடுத்த காகிதப் பை. அதற்குள் ஒரு ஆப்பிளும் ஆறிப்போன ரொட்டியும் இருந்தன. வரும் ஆண்டில் எத்தனை இரவுகள், எந்த ஊர்களில், எந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே என்று எழுதிக் காட்ட முடிந்தால் எடுங்கள். முடியாதென்றால் வேண்டாம்.

கேள்வி: ஐஎச்ஜி குழுமத்தின் ஒன் ரிவார்ட்ஸ் திட்டத்தில் உச்சத் தகுதியான டயமண்ட் உறுப்பினர் நான். காலை உணவு உண்டு என்றார்களே என்று போனால், ஏற்கெனவே புள்ளிகள் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள்.

பதில்: அங்கே டயமண்டுக்குக் காலை உணவு என்பது வரவேற்புப் பரிசில் ஒரு தெரிவு, அதை எடுத்தால் புள்ளிகள் இல்லை, புள்ளிகளை எடுத்தால் அது இல்லை. செக்-இன் நேரத்தில் "புள்ளிகளா?" என்று கேட்டபோது கைபேசியைப் பார்த்தபடியே தலையாட்டியிருப்பீர்கள்.