பலத்த காற்றில் பின்னால் போகும் கிளைடர்

மலைச்சரிவில் நீங்கள் ரேடியோ கருவியால் இயக்கிப் பறக்கவிடும் 2 மீட்டர் பால்சா கிளைடர் (லேசான பால்சா மரத்தில் செய்த, எஞ்சின் இல்லாத மாதிரி விமானம்) பலத்த காற்றில் முன்னேறாமல் மலை முகட்டுக்குப் பின்னால் போய் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இறக்கைப் பரப்புக்கு அதன் எடை குறைவு, அதுதான் காரணம். மெல்லிய காற்றில் மிதக்கச் செய்த விமானம் அது. ஈர்ப்பு மையத்திலேயே, அதாவது விமானம் சமநிலையில் நிற்கும் புள்ளியிலேயே, 100 கிராம் ஈயம் வைத்துப் பாருங்கள், வேகம் கூடும். மையம் மட்டும் நகரக் கூடாது.

மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் நான் இபிபி என்ற, அழுத்தினாலும் மீளும் நுரையில் செய்த பறக்கும் இறக்கையைத்தான் (தனி வால் இல்லாமல் இறக்கை வடிவிலேயே இருக்கும் மாதிரி விமானம்) எடுப்பேன். தரையில் மோதினாலும் பெரும்பாலும் உடையாது.

அப்புறம், திருப்பம் எப்போதும் மலையை விட்டு வெளிப்பக்கமாகவே இருக்கட்டும். முகட்டுக்குப் பின்னால் காற்று சுழன்று கீழே அமுக்கும். அங்கே தாழ்வாகப் போனால் மீட்பது கடினம். தயவுசெய்து இதில் மட்டும் கவனமாக இருங்கள்.