விண்டோஸ் 11-க்கு மாறியே ஆக வேண்டுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். கணக்கு முழுக்க டேலியில். கம்ப்யூட்டர் 2016-ல் வாங்கியது, விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அடிக்கடி வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால், "இதைத் தூரப் போட்டுட்டு 11 உள்ள புது மெஷின் வாங்குங்க அண்ணாச்சி, பார்க்கவே சூப்பரா இருக்கு" என்கிறார். கோயம்புத்தூரில் படிக்கிற மகனோ, "11-ஐ ஒருத்தனுக்கும் பிடிக்கலை, பணத்தைக் கொட்டாதீங்க" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி நியாயம் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் இருவருமே முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். மண்டி நடத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தேதியை.

மகனின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 11 வெளியானது 2021 அக்டோபர் 5-ல். அன்று முதல் அதைத் திட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. அந்தக் குறைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். கைப்பழக்கம் தடுமாறுவதால் வரும் எரிச்சல் ஒரு வகை. கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும். இருந்த வசதியை எடுத்துவிட்டதால் வரும் கோபம் இன்னொரு வகை. அது அடங்காது, அடங்கவும் வேண்டியதில்லை.

ஸ்டார்ட் பட்டன் இடது மூலையை விட்டு நடுவுக்குப் போனது முதல் வகை. செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் டாஸ்க்பார் என்று போனால் மறுபடி இடப்பக்கமே வைத்துக்கொள்ளலாம். ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது, மீதிக்கு 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்ட வேண்டியிருக்கிறது என்பதும் அப்படித்தான். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய மெனு முழுதாக வரும்.

திரையின் அடியில் இருக்கும் பட்டையான டாஸ்க்பார் சங்கதி இரண்டாம் வகை. 10-ல் அதைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தி வைக்கலாம். 11 வந்தபோது அந்த வசதி இல்லை. நாலைந்து ஃபைல் திறந்திருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் கீழே தனித்தனியாகத் தெரிகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள். டேலி ஒரு பக்கம், எக்ஸெல் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, எதிரே லாரிக்காரர் நிற்கும்போது எது எந்த ஃபைல் என்று தேடுகிறவருக்கு இது அழகுப் பிரச்சினையா என்ன? ஓயாமல் புகார் போன பிறகு, 2023-ல்தான் அந்தப் பெயர்கள் திரும்பி வந்தன. ஆகவே இன்று கடையில் கிடைக்கிற 11, முதல் வருஷம் எல்லோரும் திட்டித் தீர்த்த 11 இல்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

மைக்ரோசாஃப்ட்டுக்கு இது பழகிய கதைதான். 2007-ல் வந்த விஸ்டா, எதைத் தொட்டாலும் அனுமதி கேட்டே உயிரை வாங்கியது. 2009-ல் விண்டோஸ் 7 வந்துதான் மானத்தைக் காப்பாற்றியது. 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டார்கள். விரலால் தொடும் திரையை நினைத்து வடிவமைத்தது அது. நம் பக்கத்துக் கடைகளிலும் ஆபீசுகளிலும் மவுஸ்தானே இருந்தது! மறு வருஷமே 8.1-ல் பட்டன் திரும்பியது, மெனு முழுதாகத் திரும்ப 2015-ல் விண்டோஸ் 10 வர வேண்டியிருந்தது. புது விண்டோஸுக்கு முதல் வருஷம் பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கட்சி. 11-க்கு அந்தப் பொறுமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது.

இனி தேதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. அதனால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. டேலி ஓடும், பில் அடிக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது ஞாபகம் இருக்கலாம். அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட மெஷின்கள்தான் மாட்டின. மண்டியின் பாக்கிக் கணக்கு அப்படிப் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெஷினிலேயே 11 போட முடியாதா என்றால், முறைப்படி முடியாது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் இன்டெல் என்றால், எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதிக்கிறார்கள். அது சந்தைக்கு வந்ததே 2017-ல். ஐ3-6100 என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்து வரும் 6 தான் தலைமுறை எண். 11 மேல் எனக்கு உண்மையான வருத்தம் இந்த இடத்தில்தான். பட்டன் எங்கே இருந்தால் என்ன, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஆனாலும் அவசரம் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்குப் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் செலவில்லை. அப்படிச் சேமிக்கப் பிடிக்காவிட்டால் 30 டாலர் கட்டலாம். 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால்தான் அந்த இணைப்பே தெரியும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார், அவர் பிழைப்பு அது.

புது மெஷினைப் பிசான அறுவடைக் கணக்கும் மார்ச் கணக்கும் முடிந்து, கார் நடவு தொடங்குவதற்குள் வாங்குங்கள். நெல் வந்து குவிகிற நேரத்தில் கம்ப்யூட்டரை மாற்றுகிறவர் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. டேலி லைசென்ஸைப் பழைய மெஷினில் 'சரண்டர்' செய்த பிறகுதான் புதியதில் போட முடியும். பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்து, புதியதில் திறந்து பார்த்துச் சரி என்று தெரிந்த பிறகு பழையதை அணையுங்கள். விலை குறைவு என்று விண்டோஸ் இல்லாமல் வரும் டாஸ் மெஷின் வாங்கி, கடையிலேயே கிராக் விண்டோஸ் போட்டுக்கொள்ள வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் 'ஆக்டிவ்' என்று காட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், வள்ளியூர். எனக்கு விண்டோஸ் 7 போல வராது. புது லேப்டாப்பில் அதையே போட்டுக்கொண்டால் என்ன?

பதில்: வேண்டாம் சார். 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. புது லேப்டாப்பின் வைஃபைக்கும் டச்பேடுக்கும் அதற்கேற்ற டிரைவரும் (அவற்றை இயக்கும் மென்பொருள்) கிடைக்காது. பேங்க் வேலை ஏதும் அதில் செய்கிறீர்கள் என்றால் நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிறேன். போன வாரம் 11 உள்ள கம்ப்யூட்டர் வாங்கினேன். என் பழைய பிரிண்டர் அதில் ஓடவில்லை. வாங்கும் முன் மாடல் நம்பரோடு வாட்ஸ்அப்பில் கேட்டேன், "எல்லாம் ஓடும்" என்று பதில் வந்தது. இப்போது 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் உள்ள சீலைக் காட்டுகிறார்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாதாமே?

பதில்: 11-ல் 32-பிட் பதிப்பு கிடையாது. உங்கள் பழைய கம்ப்யூட்டர் 32-பிட்டாக இருந்து, பிரிண்டருக்கும் 32-பிட் டிரைவர் மட்டுமே இருந்தால் புதியதில் அது ஏறாது. பிரிண்டர் கம்பெனியின் தளத்தில் 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பழைய மெஷினை இன்டர்நெட் இல்லாமல் பிரிண்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய் அச்சடிக்கலாம். பாமினி, வானவில் எழுத்துருக்களில் செய்த பழைய வேலைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த எழுத்துருக்களை 11-லும் நிறுவலாம்.

இனி சட்டம். பிரிண்டர் ஒத்துப்போகாததை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரில் பழுது என்று வாதாட முடியாது. ஆனால் மாடலைச் சொல்லிக் கேட்டதற்கு ஓடும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள். பொருளின் பயன்பாடு பற்றித் தவறான உறுதி தருவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் பிடி அதுதான். அந்த வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது, வீட்டிலிருந்து டிசைன் செய்யும் நீங்கள் அதில் வருவீர்கள். அப்புறம் அந்தச் சீல்: பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்க அது உதவாது.

முதலில் 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. பல விஷயங்கள் அந்த அளவிலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: தென்காசி கல்லூரி மாணவி. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் 11 ஏறாது என்று வருகிறது. 800 ரூபாய் கொடுத்தால் எப்படியாவது போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியைப் போட்டு, எதனால் ஏறவில்லை என்று பாரம்மா. டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி மட்டும்தான் குறை என்றால், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) அது அணைந்து கிடக்கலாம், அதை இயக்கினால் காசில்லாமல் 11 ஏறிவிடும். பிராசஸர் பழையது என்று வந்தால் 800 ரூபாய் வீண். குறுக்கு வழியில் ஏற்ற முடியும்தான், ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

புராஜெக்ட் எழுதுவது, பிரவுசர், வீடியோ வகுப்பு என்பதோடு சரி என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் மின்ட் போதும், இலவசம். பார்வைக்கு ஏறக்குறைய விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும், தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு. 2011-ல் அரசு லேப்டாப் திட்டம் தொடங்கியபோதே, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் விண்டோஸோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, கேமரா மூன்றும் வேலை செய்கிறதா என்று அதிலேயே சோதித்துவிட்டு, ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகு நிரந்தரமாகப் போட்டுக்கொள்.