மகள் தொற்றுநோய் மருத்துவராக ஆசைப்படுகிறாள்: ஈசூன் தாயாருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

சிங்கப்பூரில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் உங்கள் மகள், தொற்றுநோய் மருத்துவராகி ஒருநாள் பேராசிரியராகவும் வர வேண்டும் என்கிறாள். உங்களுக்கோ, ‘இருக்கிற நோயெல்லாம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமே, படித்து முடிக்க முப்பது தாண்டிவிடுமே’ என்ற கலக்கம். இதய மருத்துவம், கண் மருத்துவம் என்று மனத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். 2003-இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் சுகாதார ஊழியர்கள் நிறைய; மருத்துவர்களும் தாதியரும் உயிரிழந்தார்கள். இதை உங்களிடம் மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அந்த இழப்பிலிருந்து இந்த நாடு பாடம் படித்தது. 2019-இல் நொவீனாவில் 330 படுக்கைகளோடு திறக்கப்பட்ட தேசியத் தொற்றுநோய் நிலையம் அதற்குச் சாட்சி. அறைக்காற்று வெளியே கசியாத தனியறைகள், முகக்கவசத்தையும் மேலங்கியையும் எந்த வரிசையில் போட வேண்டும், எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற பயிற்சி, எல்லாம் இன்று அன்றாட நடைமுறை. கிருமி எந்த வழியாக வரும் என்று தெரிந்தவர் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போகிற வேலை இல்லை என்று சொல்வேன்.

அதோடு, கொள்ளைநோய்க் காலம் இந்த வேலையின் சிறு பகுதிதான். மற்ற நாள்களில் தொற்றுநோய் மருத்துவர் பார்ப்பது நீரிழிவுக்காரரின் ஆறாத கால்புண், எலும்புக்குள் புகுந்த சீழ், டெங்கி, காசநோய், எச்ஐவி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. காய்ச்சல் எதனால் என்று பிற பிரிவுகளுக்குப் பிடிபடாதபோது அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கத்தியை எடுப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்கிறார்: எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், தோட்டத்து மண்ணில் கை வைத்தீர்களா, வீட்டில் பூனை உண்டா?

2015-இல் நடந்ததைப் பாருங்கள். திடகாத்திரமாக இருந்தவர்கள்கூட இரத்தத்தில் கிருமி பரவி மருத்துவமனைக்கு வந்தார்கள். சிலருக்கு மூட்டு வீங்கியது, சிலருக்கு மூளைச்சவ்வில் அழற்சி. பி பிரிவு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்ற கிருமி அது. பொதுவாகப் பச்சிளங்குழந்தைகளையும் முதியவர்களையும் தாக்குவது. இவர்களுக்கு எப்படி வந்தது? சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், கஞ்சியோடு பரிமாறப்படும் பச்சை நன்னீர் மீனில் வந்து நின்றது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே உணவுக்கடைகளில் பச்சை நன்னீர் மீன் விற்கத் தடை வந்துவிட்டது. நோயாளியின் படுக்கையருகே கேட்ட கேள்விகளும் ஆய்வுக்கூடத்து வேலையும் சேர்ந்து நாட்டின் உணவு விதியையே மாற்றின. இதைப் படித்து உங்கள் மகளின் கண் விரிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல தகுதித் தேர்வு எனக்குத் தெரியவில்லை.

பாதை நீளம்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ 5 ஆண்டு மருத்துவப் படிப்பு. பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர். அதன்மேல் பொது மருத்துவத்திலும் தொற்றுநோய்ப் பிரிவிலுமாக ஏறத்தாழ 6 ஆண்டு. ஆனால் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் சம்பளக்காரி. முப்பது வயதுவரை உங்கள் கையை எதிர்பார்த்திருக்க மாட்டாள். குடிமக்களுக்கு 5 ஆண்டு அரசாங்கச் சேவை ஒப்பந்தம் உண்டு. கட்டணத்துக்கு உங்கள் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் எடுக்கலாம், அவள் படிப்பை முடித்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் முறை இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு கதவும் உண்டு: டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களைச் சேர்த்து 4 ஆண்டில் மருத்துவராக்குகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். தொற்றுநோயா, இதயமா என்ற முடிவை அவள் எடுக்க வேண்டியது பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்தச் சண்டையை இப்போதே வீட்டில் போடாதீர்கள்.

பணம்? அறுவை சிகிச்சை நிபுணர்போலத் தனியாரில் அள்ளும் பிரிவு இதுவல்ல. பெரும்பாலோர் பொது மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். கௌரவமாக வாழப் போதும்.

பேராசிரியர் பதவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நோயாளியைப் பார்ப்பது, மாணவர்களுக்குக் கற்பிப்பது, ஆராய்ச்சி, இந்த மூன்றையும் விடாமல் பல ஆண்டுகள் சுமந்தவர்களுக்கே அது வரும். சார்ஸின்போது டான் டோக் செங் மருத்துவமனையில் முன்னணியில் நின்ற பேராசிரியர் லியோ யீ சின்தான் பின்னர் தேசியத் தொற்றுநோய் நிலையத்தின் முதல் நிர்வாக இயக்குநரானார். நம் சமூகத்திலிருந்தே பேராசிரியர் பால் தம்பையாவைச் சொல்லலாம். அனைத்துலகத் தொற்றுநோய்ச் சங்கத்தின் தலைமைப் பொறுப்புவரை போனவர். கிருமியைப் பற்றிய அறிவோடு, பீதியில் இருக்கும் மக்களிடம் தெரிந்ததை மட்டும் நிதானமாகச் சொல்லும் தைரியமும் இந்தப் பதவிக்கு வேண்டும். விவாத மேடை, மாணவர் மன்றம் என்று அவள் போனால் ‘படிப்பு கெடும்’ என்று தடுக்காதீர்கள்.

தமிழையும் விட்டுவிட வேண்டாம். 2020-இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொவிட் பரவியபோது, தமிழில் பேசத் தெரிந்த மருத்துவர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் இருந்த தேவை கொஞ்சமல்ல. ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இருமலை மறைக்கும் தம்பியிடம், ‘சாப்பிட்டீங்களா, எத்தனை நாளா இருக்கு?’ என்று அவன் மொழியில் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இப்போதைக்கு இரண்டு வேலை. அவள் எடுத்திருக்கும் பாடங்களில் எச்2 நிலையில் (ஏ நிலைத் தேர்வின் ஒரு பாடநிலை) வேதியியலும், அதோடு எச்2 உயிரியல் அல்லது இயற்பியலும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்; இல்லையென்றால் தாமதிக்காமல் ஆசிரியரிடம் பேசுங்கள். அடுத்து, பள்ளி விடுமுறையில் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ அவள் தொண்டூழியம் செய்யட்டும். சான்றிதழுக்காக வேண்டாம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று அவளே கண்டுகொள்ளட்டும். வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.