தண்ணீர் பாட்டில் ஏன் நிறைந்தே திரும்புகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு (வயது 13) ஆறு மாதமாக அடிக்கடி வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பாள். காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவாள், வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள். நான்கு டாக்டர்களைப் பார்த்தாயிற்று. ஒருவர் கேஸ் என்றார், ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார், ஒருவர் குடல்வாலோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. கடைசியாக எங்கள் தெருமுனை டாக்டரிடம் போனால், என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். வயதுக்கு வந்த பெண்ணிடம் அப்படி என்ன தனிப்பேச்சு? எழுந்து வந்துவிட்டேன். அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, எப்போதும் நான்தான் சொல்வேன். கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில்கூட அப்படியே திரும்பி வரும், அவ்வளவு சோம்பேறி. கோயம்புத்தூர் போய் எண்டோஸ்கோப்பி செய்துவிடலாமா?
- ஓர் அம்மா, நாமக்கல் மாவட்டம்

பதில்: எண்டோஸ்கோப்பி இருக்கட்டும். முதலில் அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கு வாருங்கள்.

டாக்டர்களைப் பற்றியும் ஸ்கேனைப் பற்றியும் இவ்வளவு எழுதியவர், பாட்டிலுக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்காக. தண்ணீர் குடிக்க எதற்கு அம்மா சுறுசுறுப்பு? தாகம் எடுத்தால் நாய்க்குட்டிகூடத் தேடிப் போய்க் குடிக்கும். பத்தரை மணி நேரம், நம் ஊர் வெயிலில், பை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்காமல் இருக்கத்தான் வைராக்கியம் வேண்டும். உங்கள் மகளுக்கு அது நிறைய இருக்கிறது. எதற்காக அந்த வைராக்கியம் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? "ஏன்டி குடிக்கல" என்று அதட்டியதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா?

எனக்கு இந்தக் கடிதம் புதிதில்லை. ஊர் மாறும், வகுப்பு மாறும், பாட்டில் மட்டும் மாறாது. தாழ்ப்பாள் விழாத கதவு, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பத்து நிமிட இடைவேளைக்குள் முடியாத வரிசை, பாடம் நடக்கும்போது கேட்டால் "இப்பத்தானே பெல் அடிச்சுது" என்று எல்லார் முன்னாலும் ஒரு பேச்சு, மாதவிலக்கு நாளில் நாப்கினைப் போட ஒரு கூடைகூட இல்லாத கழிப்பறை. குடித்தால்தானே போக வேண்டும் என்று பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் மகள் பள்ளியில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நாளை சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வரும்போது கவனியுங்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல், பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு நேரே பாத்ரூமுக்கு ஓடுகிறாளா? நான் படிக்கிற காலத்தில் கொல்லைப்பக்கம் அப்படித்தான் ஓடுவேன். எங்கள் பள்ளியில் கழிப்பறையே கிடையாது, அது வேறு கதை.

ஓடினால், மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். காலையில் வேன் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் உட்கார நேரமில்லை, பள்ளியில் வந்தால் அடக்கிக்கொள்வாள், அடக்க அடக்க அந்த உணர்வே மழுங்கிப்போகும், உள்ளே சேர்ந்தது இன்னும் கெட்டிப்படும். பிள்ளைகளுக்குத் தொப்புளைச் சுற்றி வருகிற வலிக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணமான காரணம். சிறுநீரையும் அடக்கி, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வேறு எளிதில் வரும். குடல்வாலைத் தேடி எடுத்த ஸ்கேன் இதையெல்லாம் எழுதித் தர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் டாக்டர் இல்லை, இதுதான் நோய் என்று தீர்ப்பு எழுதவும் இல்லை. ஆனால் வெளிக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறாள், முக்க வேண்டியிருக்கிறதா, சிறுநீர் எரிகிறதா என்று எந்த டாக்டரும் முதலில் கேட்கும் கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதிலே இல்லை. எப்படி இருக்கும்? 13 வயதுப் பெண் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். உங்களுக்குத் தெரியாத விஷயத்தைத்தான் நாலு டாக்டரிடமும் அவளுக்காக நீங்கள் பேசியிருக்கிறீர்கள்!

உங்களை வெளியே உட்காரச் சொன்னாரே, அவர் ஒருவர்தான் அவள் வாயிலிருந்து கேட்க நினைத்தவர். அவரிடம் கோபித்துக்கொண்டு எழுந்து வந்தீர்கள். அம்மா எதிரில் அவள் மாதவிலக்கைப் பற்றிப் பேசுவாளா, வகுப்பில் ஒருத்தி கேலி செய்வதைச் சொல்வாளா? 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014-ல் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் மருத்துவ மையங்களில் தனிமையும் ரகசியமும் அடிப்படை விதி, தெருமுனை டாக்டர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது நீங்களோ நர்ஸோ கூட இருக்க வேண்டும், அதைக் கறாராகக் கேளுங்கள், அது நியாயம். பேசும்போது வெளியே இருங்கள். யாராவது பாலியல் தொந்தரவு கொடுத்ததாக அவள் சொன்னால் அதை மறைக்க டாக்டருக்கு உரிமையும் கிடையாது, 2012 போக்சோ சட்டப்படி அவர் போலீஸில் தெரிவித்தே ஆக வேண்டும்.

பிள்ளைக்கு வாய் முளைக்கும்வரை அம்மா வாயாக இருக்கலாம். அதற்கப்புறமும் இருந்தால் அது பாசமில்லை, பழக்கதோஷம். நாளைக்குக் கல்யாணமாகிப் போன இடத்தில் டாக்டர் இவளைப் பார்த்துக் கேட்பார், மாமியார் பதில் சொல்வார், இவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அதற்கு இப்போதே ஒத்திகை நடத்துகிறீர்கள். நான் குடும்பம் வேண்டாம் என்கிற ஆள் இல்லை, கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தன் உடம்பில் என்ன என்று சொல்லத் தெரிந்த பெண்தான் நாளைக்கு ஒரு குடும்பத்தைத் தாங்குவாள் என்று நம்புகிறவள்.

அப்புறம், அவள் அப்பா எங்கே? கடிதத்தில் தேடிப் பார்த்தேன், காணோம். பள்ளிக்குப் போகிற வேலை அவருடையது. ஃபீஸ் கட்டுகிற கவுண்டரோடு திரும்பாமல், பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைக்கூடையும் இருக்கிறதா என்று தலைமையாசிரியையிடம் கேட்கட்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது, எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். தயங்கினால் இன்னும் நாலு பெற்றோரைக் கூட்டிக்கொள்ளட்டும், அவர்கள் வீட்டுப் பாட்டிலும் நிறைந்தேதான் வரும்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், தூக்கத்தில் எழுப்பும் வலி, பச்சையாக வாந்தி, விடாத காய்ச்சல், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கோயம்புத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு அதே தெருமுனைக்குப் போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அவர் மலம் இளக்கும் மருந்து எழுதினால் நாலாம் நாள் வலி போகவில்லை என்று ஐந்தாவது டாக்டரைத் தேடாதீர்கள், அது வாரக்கணக்கில், சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில்கூட எடுக்கும். காலையில் அவளை இருபது நிமிடம் முன்னால் எழுப்பி, சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் உட்கார விடுங்கள். வேன் ஹாரன் அடித்தால் நீங்கள் வாசலுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள்.