போக்கருக்கும் கேமுக்கும் பழைய டெஸ்க்டாப்பை மேம்படுத்துவதென்றால் முதலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: 2017இல் அசெம்பிள் செய்த கணினி, இன்டெல் ஐ5-6500 பிராசசர், எச்110 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மாலையில் நண்பர்களோடு ஆன்லைனில் போக்கர் சீட்டாட்டம், வார இறுதியில் வேலரண்டும் ஜிடிஏ 5உம் ஆட வேண்டும். பணத்தை ஒரே மூச்சில் போட முடியாது. இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாகத்தான் வாங்க முடியும்.

சிறிது சிறிதாக வாங்குபவருக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். இன்று வாங்கும் ஒவ்வொரு பொருளும், நாளை மதர்போர்டையே மாற்றினாலும் அதிலும் பொருந்துவதாக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் வரிசை தானாகவே அமைந்துவிடும்: எஸ்எஸ்டி (சுழலும் டிஸ்க் இல்லாத வேகமான சேமிப்பகம்), ராம், எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு, கடைசியாக மதர்போர்டும் பிராசசரும்.

போக்கருக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஆறு பேர் ஆடும் போக்கரில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் என்ற நிரலுக்கு அதன் அடிப்படை ஆட்டமுறையைக் கணிப்பதற்கே 64 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்கிடும் பிராசசர் பகுதி) கொண்ட ஒரு சர்வரில் 8 நாட்கள்தான் ஆயின. அதிலும் கிராபிக்ஸ் கார்டு எதுவும் பயன்படுத்தப்படவில்லை. ஆட்டத்தை நிரல்களின் துணையோடு படிப்பவர்களுக்கும் கோர்களும் ராமும்தான் முக்கியம். வெறுமனே ஆடுவதற்கு உங்கள் பிராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 530 கிராபிக்ஸ் தாராளமாகப் போதும்.

அப்படியானால் ஏன் திணறுகிறது? நான்கு மேசைகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடும்போது கேபினெட்டின் முகப்பில் ஹார்ட் டிஸ்க் இயங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு மேசையில் உங்கள் முறை வந்து நேரம் குறைந்துகொண்டிருக்க, அந்தச் சன்னல் முன்னால் வருவதற்கே இரண்டு வினாடி ஆகும். இதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க்கில், அதன் படிக்கும் முனை ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 100 இடங்களுக்குத்தான் தாவ முடியும். சாதாரண சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கான அதே இணைப்பில் சேரும்) எஸ்எஸ்டியோ அதே வினாடியில் பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும். ஆடிய ஒவ்வொரு கையையும் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடும் சுற்று) சேமித்து வைக்கும் டிராக்கர் மென்பொருளை யாராவது பயன்படுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். அவற்றில் பெயர்பெற்றவை பின்னணியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஓட்டுகின்றன. விண்டோஸ், பிரவுசர், தரவுத்தளம் மூன்றும் ஒரே முனைக்காக வரிசையில் நிற்கும்.

போக்கர் என்று கேட்டதால் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை விளையாட்டா அதிர்ஷ்ட விளையாட்டா என்ற பாகுபாடே இல்லாமல், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை வழங்குவதைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து போக்கரையும் ரம்மியையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர் பேசுகிறார்கள். நாடு முழுவதற்குமான சட்டம் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நீங்கள் நண்பர்களோடு காசில்லாச் சிப்ஸை வைத்து ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே போதும். ஆடிச் சம்பாதித்து இந்தக் கணினியின் விலையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவு செய்து நம்பாதீர்கள். அந்த நம்பிக்கையில் கடனில் விழுந்த ஒருவரின் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த முகங்களை இன்னும் மறக்க முடியவில்லை.

இனி வாங்க வேண்டியவை. எஸ்எஸ்டியில் 1 டிபி சாட்டா வகையைப் பரிந்துரைக்கிறேன். எச்110 போர்டுகள் பலவற்றில் குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 சொருகுமிடமே கிடையாது, இருக்கும் சிலவற்றிலும் எல்லா வகையும் வேலை செய்வதில்லை. ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால் 256 ஜிபி வாங்கிப் பிறகு வருந்த வேண்டாம். பழைய விண்டோஸை அப்படியே நகலெடுக்காமல் புதிதாக நிறுவுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறியாமல் புகைப்படங்களுக்கும் படங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ராமைப் பொறுத்தவரை, ஒரே ஸ்டிக்காக இருப்பதுதான் பெரிய குறை. இரண்டு ஸ்டிக் போட்டால் நினைவகப் பாதை இரு மடங்காகிறது. தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால், வேலரண்ட் போன்ற ஆட்டத்தில் இந்த ஒரு மாற்றத்தையே கண்ணால் பார்க்க முடியும். வாங்கும் முன் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். எச்110 போர்டுகளில் டிடிஆர்4 வகை ராம் எடுப்பவையும் உண்டு, அதற்கு முந்தைய டிடிஆர்3 வகையை எடுப்பவையும் உண்டு. டிடிஆர்4 என்றால், 3200 வேகம் கொண்ட 8 ஜிபி ஸ்டிக் இரண்டை ஜோடியாக வாங்குங்கள். உங்கள் போர்டில் அவை 2133 வேகத்தில்தான் ஓடும். இருந்தாலும் வீண் இல்லை. மதர்போர்டை மாற்றும் நாளில் அதே ஸ்டிக்குகள் முழு வேகத்தில் ஓடும். டிடிஆர்3 என்று தெரிந்தால் புதிய ராமில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், அது அடுத்த போர்டில் பொருந்தாது. ராம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருப்பதால் இங்கே நான் எந்தத் தொகையையும் எழுதவில்லை.

எஸ்எம்பிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் நானே அடிபட்டவன். என்னுடைய பழைய கணினியிலும் உங்களைப் போலவே ஐ5-6500, கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ். அட்டைப் பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. 120 வாட் எடுக்கும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டு வாங்கினேன். கார்டுக்கு வேண்டிய ஆறு முனை இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லாததால், கடைக்காரர் கொடுத்த ஒரு மாற்று வயரைப் போட்டு இணைத்தேன். டெஸ்க்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. கேமைத் திறந்து, திரையில் முதல் காட்சி வந்த உடனே கணினி முழுவதுமாக அணைந்தது. மூன்று நாட்கள் டிரைவரையும் விண்டோஸையும் குறை சொல்லிக்கொண்டு மாற்றி மாற்றி நிறுவினேன். நான்காம் நாள் கேபினெட்டைத் திறந்தபோது, அந்த மாற்று வயரின் மஞ்சள் கம்பி பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் பழுப்பேறியிருந்தது; விரலால் தொட்டால் உறை இளகி ஒட்டியது.

அதன் பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 14 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 168 வாட். பிராசசருக்கு 65, கார்டுக்கு 120 என்று வைத்தாலே 185 ஆகிவிடுகிறது. பிராசசரும் கார்டும் உண்மையில் இழுப்பது இந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். பெட்டியில் இருந்த 450க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலும் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். கார்டு வாங்கும் முன், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற, நல்ல உத்தரவாதம் உள்ள 550 வாட் ஒன்றை வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் செகண்ட் ஹேண்ட் வேண்டாம்.

கார்டில் உங்களுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்தான் எடுக்கும். மதர்போர்டின் சொருகுமிடமே 75 வாட் கொடுப்பதால் தனி வயர் தேவையில்லை. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 8 ஜிபி கொண்ட ஆர்எக்ஸ் 6600 இதைவிட வலுவானது, அதற்கு எட்டு முனை இணைப்பு வேண்டும். விலை குறைவாக இருக்கிறது என்பதற்காக ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் மட்டும் போக வேண்டாம். அது மதர்போர்டோடு தரவைப் பரிமாற நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும் கார்டு; உங்கள் போர்டின் பழைய மூன்றாம் தலைமுறைச் சொருகுமிடத்தில் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும், 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் ஆட்டம் தடுக்கித் தடுக்கி ஓடும்.

பிராசசரில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்களுக்கும் உங்கள் போர்டுக்கும் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றே, 1151. ஆனால் எச்110இல் அவை இயங்கா. இயங்குவது பழைய ஐ7-6700 அல்லது பயாஸைப் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்த பின் ஐ7-7700. இவை செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன, வேகமும் கூடும். ஆனாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் இந்தப் போர்டோடு முடிந்துபோகும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல்லை ஏற்கிறது. பழைய பிராசசரிலும் அதைக் குறுக்கு வழியில் நிறுவித் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்காத விண்டோஸ் 11இல் வேலரண்ட் திறக்கவே திறக்காது. எனவே கார்டு வரைக்கும் வாங்கிவிட்டு, கடைசி மாதத்தில் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டும் ரைசன் 5 5600 பிராசசரும் வாங்குங்கள். ஆறு கோர், 65 வாட், டிடிஆர்4 ராம். அதுவரை வாங்கியவை அத்தனையும் அதில் ஏறி உட்காரும்.

போக்கருக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் மானிட்டரைச் சொல்வேன். 1080பி திரையில் நான்கு மேசைகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 960க்கு 540 புள்ளிகள்தான் கிடைக்கும், 1440பி திரையில் அதுவே 1280க்கு 720 ஆகிறது. சீட்டின் எண்ணைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறுங்கள். யூபிஎஸ் வைத்திருந்தால் அதன் வாட் அளவையும் பாருங்கள், 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான்.

சென்னையில் இருப்பதாக எழுதியிருப்பதால் எப்படியும் கணினிப் பாகங்கள் விற்கும் ரிட்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போவீர்கள். அதற்கு முந்தைய நாள் கேபினெட்டைத் திறந்து, பிராசசர் விசிறிக்கு அடியில் அடைந்திருக்கும் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண், எஸ்எம்பிஎஸ்ஸின் அட்டவணை, காலியாக இருக்கும் ராம் இடம், கார்டு உட்காரும் இடத்தின் நீளம் ஆகியவற்றைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை இந்தப் பதிலின் கீழ் இட்டால், எந்த ஸ்டிக், எந்த கார்டு என்று பார்த்துச் சொல்கிறேன்.