எல்லாமே 'சாங்' இல்லை: பாட்டு, ஆட்டம், ஆங்கிலம் – வாசகர் கேள்விகள்

கே: வயலின் வாசித்தவரிடம் 'நைஸ் சாங்' என்றேன். உடனிருந்த அயர்லாந்து நண்பர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

ப: வாய்விட்டுப் பாடினால்தான் சாங். அங்கே பப்பில் கூடி ஃபிடிலும் குழலும் வாசிப்பதெல்லாம் 'ட்யூன்'. வயலினைத்தான் அவர்கள் ஃபிடில் என்கிறார்கள். தாளத்துக்குத் தாளம் பெயர் மாறும். ஜிக் என்றால் 6/8: 'தகிட தகிட' என்று சொல்லிப் பாருங்கள், கால் தானாகத் துள்ளும். 'தகிட' மும்மூன்றாக வந்தால் 9/8, ஸ்லிப் ஜிக். 'தகதிமி தகதிமி' என்று ஓடினால் ரீல். ஜோடியாகச் சுழன்றாடும் வால்ட்ஸுக்கும் மூன்றுதான் கணக்கு, ஆனால் முதல் அடியை அழுத்தி மற்ற இரண்டையும் லேசாக விடுவார்கள். வியன்னாவின் யோகான் ஸ்ட்ராஸ் 1867-இல் அரங்கேற்றிய 'ப்ளூ டான்யூப்' கேட்டால் பிடிபட்டுவிடும். ரெக்கார்டில் கேட்பதை 'ட்ராக்' என்றால் வம்பே இல்லை.

கே: ஒப்பாரியை 'டர்ஜ்' என்று மொழிபெயர்க்கலாமா?

ப: அகராதி தலையாட்டும், நான் ஆட்டமாட்டேன். டர்ஜ் மெதுவான, அடங்கிய துக்கப்பாட்டு. மாரடித்து, போனவரின் பெருமையை அந்த இடத்திலேயே கட்டிப் பாடும் ஒப்பாரிக்கு நெருங்கிய சொந்தம் அயர்லாந்தின் 'கீனிங்'. அங்கும் பாடியவர்கள் பெண்களே. கூலிக்கு மாரடித்தவர்களும் உண்டு. திருச்சபை கண்டித்தும் நெடுங்காலம் நீடித்து, 20-ஆம் நூற்றாண்டில் அருகிப்போனது. வாசகருக்குக் கீனிங் புரியாது என்று பட்டால் 'லமென்ட்' போடுங்கள்.

கே: பேலட் கதைப்பாட்டா, காதல் பாட்டா?

ப: யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நாட்டார் வழக்கில் கதைப்பாட்டு: கொலை, பேய், கைவிட்ட காதலன். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்தவை மட்டும் 305. பாப் ரசிகர் சொன்னால் மெதுவான, உருக்கமான பாட்டு. சொல்லின் வேரோ 'ஆடு' என்ற பொருள் கொண்ட லத்தீன் வினை. போர்த்துக்கீசியர் வழியாக இலங்கைக்கு வந்த துள்ளல் ஆட்டப்பாட்டான பைலாவும் அதே குடும்பம்தான். பைலாவுக்கு உட்கார்ந்து உருகினவர்கள் யாரும் இல்லை!

கே: ஹவுஸ், டெக்னோ – காதுக்கு ஒன்றாகவே இருக்கிறதே?

ப: இரண்டும் மின்னணுக் கருவிகளில் செய்யும் ஆட்ட இசை, இரண்டிலும் பேஸ் டிரம் நாலு அடியிலும் விழுவதால் அப்படி. ஹவுஸ் 1980-களின் சிகாகோ. டிஸ்கோ வாசனை, பியானோ, உருகிப் பாடும் குரல். டெக்னோ டெட்ராய்ட்காரர்களுடையது, குரல் குறைவு, இயந்திர ஓசை அதிகம். நிமிடத்துக்கு 160-க்கு மேல் அடித்து, டிரம் ஓட்டம் வெட்டி வெட்டி வந்தால் அது டிரம் அண்ட் பேஸ்.

கே: குத்துப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன?

ப: 'ஐட்டம் நம்பர்' வேண்டாம், இந்தியாவுக்கு வெளியே விழிப்பார்கள், உள்ளேயும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு 'அப்டெம்போ டான்ஸ் நம்பர்'. கட்டுரை என்றால் 'குத்து' என்றே எழுதி, பறையும் தவிலும் முன்னே நிற்கும் ஆட்டப்பாட்டு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சல்சாவையும் ரெக்கேயையும் ஆங்கிலத்தில் யாரும் மொழிபெயர்க்கவில்லையே.