நெஞ்செரிச்சலுக்கும் இரைப்பை வாயிலில் உள்ள தசைக்கும் என்ன தொடர்பு?

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் 3 முதல் 4 செ.மீ. நீளத்தில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது தளர்ந்து உணவை உள்ளே விடும். மற்ற நேரத்தில் இறுகி நிற்கும். பாட்டிமார் வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இறுகியிருந்தால் பையைக் கவிழ்த்தாலும் ஒன்றும் சிந்தாது. மூச்சுக்கு உதவும் உதரவிதானமும் அதே இடத்தை வெளியே இருந்து நெருக்கிப் பிடிக்கிறது.

இந்த வளையம் வேளைகெட்ட வேளையில் தளர்ந்தாலோ, வலுவிழந்தாலோ அமிலம் மேலேறும். இரைப்பைக்குச் சளிப்படலம் காவலாக இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காவல் இல்லை. அதனால்தான் எரிகிறது.

திருகோணமலைக் கடற்கரையில் இரவு பத்து மணிக்கு வயிறு முட்டக் கொத்து ரொட்டி சாப்பிட்டு, வீடு திரும்பியதும் படுப்பவர்கள் பலர். நிறைந்த வயிறு வளையத்தைத் தளரத் தூண்டுகிறது, எண்ணெய் செரிமானத்தைத் தாமதமாக்குகிறது, படுத்தால் புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது. உணவுக்கும் உறக்கத்துக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள். இடப்பக்கமாகச் சரிந்து படுப்பதும் நல்லது. புகைத்தல், உடற்பருமன், கர்ப்பகாலம் ஆகியவையும் நெஞ்செரிச்சலைத் தூண்டும். ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், எரிச்சல்தான் என்று வீட்டில் இருக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"எனக்கு அமிலம் அதிகமாகச் சுரக்கிறது" என்றே பலர் நம்புகிறார்கள். பெரும்பாலானோருக்குச் சுரக்கும் அளவு வழக்கமானதுதான், அது இருக்கக்கூடாத இடத்துக்கு ஏறிவிடுகிறது.